சிறுநீரக நுண்குழல்கள்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

உடலியங்கியல் வகுப்பில் மாணவர்கள் கேட்கும் சந்தேகங்களும், ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தெரிந்தவர்கள் கேட்கும் சந்தேகங்களும் சிறுநீரகத்தைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒன்றேதான். வடிகட்டுதல் வரை எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குழலுக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் குழப்பம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே கொடுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கிட்னி ரத்தத்தில் இருக்கிற கழிவை வடிகட்டி எடுக்குது. அவ்வளவுதானே?

பாதி சரி. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய 10 லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நெஃப்ரானிலும் கிளாமருலஸ் என்னும் ரத்த நுண்நாள முடிச்சு ஒன்றும், அதிலிருந்து வடிவதை வாங்கிக்கொண்டு போகும் நீண்ட நுண்குழல் ஒன்றும் உண்டு. கிளாமருலஸ் வடிகட்டுகிறது என்பது உண்மை. ஆனால் கழிவு எது, சத்து எது என்று அதற்குத் தெரியாது. நீர், உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், யூரியா என்று அளவில் சிறியவை எல்லாமே வடிந்துவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் மட்டும் ரத்தத்திலேயே தங்கிவிடும்.

உடம்புக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது முழுக்க நுண்குழலில்தான் முடிவாகிறது. குழலின் பகுதிகள் வரிசையாக இவை: அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், கடைசியாகப் பல நெஃப்ரான்கள் வந்து சேரும் சேகரிப்பு நாளம்.

ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுதுன்னு படிச்சேன். உடம்பிலேயே 5 லிட்டர் ரத்தம்தானே இருக்கு?

அந்த 5 லிட்டரில் அணுக்களைக் கழித்தால் பிளாஸ்மா சுமார் 3 லிட்டர்தான். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் வடிக்கின்றன. நாள் கணக்கில் அது 180 லிட்டர். அதாவது அதே பிளாஸ்மா ஒரு நாளில் 60 தடவை வடிகட்டப்படுகிறது. வடிந்ததில் 99 சதவீதம் உடனுக்குடன் ரத்தத்துக்கே திரும்பிவிடுவதால்தான் இது சாத்தியம். கடைசியில் வெளியேறுவது ஒன்று முதல் இரண்டு லிட்டர்.

இன்னொரு வகையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் வடியும் சோடியத்தை உப்பாக நிறுத்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும். குளுக்கோஸ் 180 கிராம். திரும்ப எடுக்கும் வேலை மட்டும் நின்று, வடிகட்டல் அதே வேகத்தில் நடந்தால், கணக்குப்படி பிளாஸ்மா முழுவதும் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும்.

வடிதிரவம்னா தண்ணியான சிறுநீர்தானே?

இல்லை. வடிதிரவம் என்பது புரதம் நீக்கப்பட்ட பிளாஸ்மா. சிறுநீரைவிட ரத்தத்துக்குத்தான் நெருங்கிய உறவு. இதை நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். 1920களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வெர்ன், ஏ. என். ரிச்சர்ட்ஸ் இருவரும் தவளையின் ஒற்றைக் கிளாமருலஸைச் சுற்றியுள்ள பௌமானின் கிண்ணத்தில் மிக நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செருகித் துளித் திரவத்தை எடுத்தார்கள். அதில் குளுக்கோஸ் இருந்தது, குளோரைடு இருந்தது, புரதம் இல்லை. அதே தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த சிறுநீரில் குளுக்கோஸ் இல்லை. நடுவில் இருப்பது குழல் மட்டுமே என்பதால், குளுக்கோஸை எடுத்தது அதுதான் என்று உறுதியானது.

எல்லாத்தையும் வெளியே விட்டுட்டு திரும்ப எடுக்கிறது வீண் வேலை மாதிரி இருக்கே? கழிவை மட்டும் தள்ளினா போதாதா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நிறைந்து கிடக்கும் ஓர் அறையை ஒழிக்க இரண்டு வழிகள் உண்டு. குப்பையைத் தேடித் தேடிப் பொறுக்கலாம். அல்லது எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப உள்ளே வைக்கலாம். சிறுநீரகம் இரண்டாவது வழியில் போகிறது.

கழிவை மட்டும் பொறுக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கழிவையும் அடையாளம் காண ஒரு கடத்திப் புரதம் வேண்டும். உடம்பு இதுவரை பார்த்தே இராத ஒரு வேதிப்பொருள் உள்ளே வந்தால் அதற்கு ஆள் இருக்காது. அது அப்படியே தங்கிவிடும். இரண்டாவது வழியில் அந்தக் கவலை குறைவு. வேண்டியவற்றின் பட்டியல் சிறியது, மாறாதது. பட்டியலில் இல்லாதது, புதிதாக வந்ததே என்றாலும், நீரில் கரைந்து வடிந்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். கூடுதலாக ஒரு லாபம்: இவ்வளவு பெரிய அளவு கையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, மீள உறிஞ்சுவதில் ஒரு சதவீதம் கூட்டிக் குறைத்தாலே உடம்பின் நீரும் உப்பும் வேகமாகச் சரிக்கட்டப்படும்.

இது இலவசம் இல்லை. உடல் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான இந்த இரண்டு உறுப்புகள், ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் 7 முதல் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கின்றன. அதில் பெரும்பங்கு சோடியத்தைத் திரும்ப எடுக்கும் செலவு.

தண்ணியை இழுக்கிற பம்ப் எந்த இடத்தில் இருக்கு?

எங்கேயும் இல்லை. உடம்பில் நீருக்கென்று பம்ப் கிடையாது. குழல் சோடியத்தை நகர்த்துகிறது. நீர் பின்னால் போகிறது.

அண்மைச் சுருள் நுண்குழலின் செல்களில், ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். இதனால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். குழலுக்குள் ஓடும் வடிதிரவத்தில் சோடியம் அதிகம், செல்லுக்குள் குறைவு; ஆகவே அது உள்ளே பாய முயலும். அந்தப் பாய்ச்சலோடு தொற்றிக்கொண்டு குளுக்கோஸ், அமினோ அமிலம், பாஸ்பேட் எல்லாம் உள்ளே வந்துவிடுகின்றன. கரைபொருள்கள் போன பக்கம் சவ்வூடுபரவலால் நீரும் போகும். அதற்கான வழி அக்வாபோரின் என்னும் நீர்த்துளைப் புரதம். 1992இல் இதை அடையாளம் காட்டிய பீட்டர் ஆகருக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இந்த முதல் பகுதியிலேயே சோடியத்திலும் நீரிலும் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடும். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். உப்பும் நீரும் சம விகிதத்தில் போவதால், மிச்சமிருக்கும் திரவத்தின் அளவு குறையுமே தவிர அடர்த்தி மாறாது: உள்ளே வந்தபோது லிட்டருக்குச் சுமார் 300 மில்லியாஸ்மோல் (கரைந்துள்ள துகள்களை எண்ணும் அலகு), வெளியேறும்போதும் அதே. ஹென்லே வளைவுக்குப் போகும்போது இது தேவைப்படும், நினைவில் வையுங்கள்.

ரத்தத்தில் சர்க்கரை 180ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் வரும்னு சொல்றாங்க. ஏன் 180?

குளுக்கோஸைத் தூக்கும் கடத்திகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. எல்லாக் கடத்திகளும் நிரம்பிவிட்டால் மீதி குழலிலேயே போகும். பெரியவர்களுக்கு அந்த உச்சம் நிமிடத்துக்குச் சுமார் 375 மில்லிகிராம். இங்கேதான் கவனிக்கும் மாணவர் மடக்குவார்: 125 மில்லிலிட்டரில் 375 மில்லிகிராம் என்றால், ரத்தச் சர்க்கரை (100 மில்லிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) 300 ஆகும்வரை சிறுநீரில் வரக்கூடாதே?

எல்லா நெஃப்ரான்களும் ஒரே திறன் கொண்டவையாக இருந்தால் அப்படித்தான். உண்மையில் அவை ஒன்றுபோல இருப்பதில்லை. சிலவற்றில் வடிகட்டல் அதிகம், தூக்கும் திறன் குறைவு. அவை 180 அளவிலேயே நிரம்பிச் சர்க்கரையைக் கசியவிடும். மற்றவை பின்னால் நிரம்பும். கர்ப்பகாலத்தில் வடிகட்டல் வேகம் கூடுவதால், ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போதே சிறுநீரில் கொஞ்சம் வரலாம். ஆகவே 180 என்பது தோராயம். ஆளுக்கு ஆள் மாறும்.

சர்க்கரையைச் சிறுநீரில் அனுப்புற மாத்திரை கொடுத்திருக்காங்க. அது கிட்னியைக் கெடுக்காதா?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பற்றிய கேள்வி. அண்மைச் சுருள் நுண்குழலில் குளுக்கோஸை 90 சதவீதம் தூக்குவது எஸ்ஜிஎல்டி2 என்னும் கடத்தி. இம்மாத்திரைகள் அதை அடைக்கின்றன. குளுக்கோஸோடு கொஞ்சம் சோடியமும் குழலிலேயே தங்கிக் கீழே போகும்.

அந்தச் சோடியம்தான் சுவாரசியம். குழல் சேய்மைப் பகுதிக்குப் போகும் வழியில் தன்னுடைய கிளாமருலஸை உரசிக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் உள்ள செல்கள் கடந்து போகும் உப்பை அளக்கின்றன. உப்பு அதிகம் வந்தால் கிளாமருலஸுக்கு ரத்தம் வரும் வழியைச் சுருக்கி அழுத்தத்தைக் குறைக்கும். சர்க்கரை நோயில் கிளாமருலஸ் அதிக அழுத்தத்தில் வேலை செய்து தேய்கிறது. இம்மாத்திரை அந்த அழுத்தத்தைத் தணிக்கிறது. ஆரம்பத்தில் ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு; வடிகட்டல் குறைந்தால் ஏறும்) சற்று ஏறலாம், ஆனால் நீண்ட காலத்தில் சிறுநீரகம் தேய்வது மெதுவாகிறது என்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. பிறப்பிலேயே இந்தக் கடத்தி சரியாக இல்லாதவர்கள் இருக்கிறார்கள். வாழ்நாள் முழுக்கச் சிறுநீரில் சர்க்கரை போனாலும் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். மாத்திரையில் கவனிக்க வேண்டியவை வேறு: பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, நீரிழப்பு, அரிதாகக் கீட்டோன் அமிலச் சிக்கல். காய்ச்சல், வாந்தி, பட்டினி என்று வந்தால் தொடரலாமா என மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஹென்லே வளைவு எனக்குப் புரியவே மாட்டேங்குது. கீழே போய் மேலே வர்றதுக்கு எதுக்கு ஒரு வளைவு?

வெட்கப்பட ஒன்றுமில்லை. யாக்கோப் ஹென்லே இதை விவரித்தது 1862இல். இது எதற்காக என்று பாசலில் வெர்னர் கூன், ஹைன்ரிக் விர்ட்ஸ் குழுவினர் தெளிவாகக் காட்டியது 1951இல். கிட்டத்தட்ட 90 ஆண்டுகள்.

இரண்டு கைகளுக்கும் குணம் வேறு, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இறங்கும் கை நீரை விடும். ஏறும் கை நீரை விடவே விடாது, ஆனால் அதன் தடித்த பகுதி உப்பை வெளியே இறைக்கும். இறைப்பதால் சுற்றியுள்ள திசு உப்பாகிறது. பக்கத்திலேயே இறங்கிக்கொண்டிருக்கும் கையிலிருந்து அந்த உப்பு நீரை இழுக்கிறது. இதனால் இறங்கும் திரவம் அடர்ந்துகொண்டே போய் வளைவில் திரும்பி ஏறும் கைக்குள் வருகிறது. இப்போது ஏறும் கைக்குக் கிடைப்பது முன்பைவிட உப்பான திரவம்; அதிலிருந்து இறைத்தால் வெளியே இன்னும் உப்பேறும். ஒரு மட்டத்தில் ஏறும் கையால் உண்டாக்க முடிந்த வித்தியாசம் சுமார் 200 மில்லியாஸ்மோல்தான். ஆனால் ஓட்டம் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் அந்தச் சிறு வித்தியாசம் நீளவாக்கில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணியில் 300ஆக இருப்பது உட்பகுதியான மெடுல்லாவின் அடி நுனியில் 1200 ஆகிறது. வளைவு இல்லாத நேர்க்குழலில் இந்தப் பெருக்கம் நடக்காது.

இந்த உப்பை ரத்த ஓட்டம் அடித்துக்கொண்டு போகாதா என்றும் கேட்பார்கள். மெடுல்லாவுக்குப் போகும் ரத்த நாளங்களும் அதே போல இறங்கி, திரும்பி, ஏறுகின்றன. இறங்கும்போது வாங்கிய உப்பை ஏறும்போது பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. ஓட்டமும் மெதுவானது.

அப்போ வளைவிலிருந்து வெளியே வரும்போது திரவம் 1200க்கு கெட்டியா இருக்கும், சரியா?

தேர்வில் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இது. நேர்மாறு. ஏறும் கை நீரை விடாமல் உப்பை மட்டும் எடுத்துவிட்டதால், வெளியே வரும் திரவம் ரத்தத்தைவிட நீர்த்தது, சுமார் 100தான். வளைவு கெட்டியாக்கியது சுற்றியுள்ள திசுவை.

சேய்மைச் சுருள் நுண்குழலைக் கடந்து இந்த நீர்த்த திரவம் சேகரிப்பு நாளத்துக்கு வருகிறது. அந்த நாளம் மறுபடியும் அதே உப்பு மெடுல்லா வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அங்கே வாசோபிரசின் இருந்தால், அதாவது ஏடிஹெச் ஹார்மோன் இருந்தால், நாளத்தின் செல்கள் அக்வாபோரின் துளைகளை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து நீரை வெளியே விடும். சிறுநீர் 1200 வரை கெட்டியாகும். ஹார்மோன் இல்லையென்றால் துளைகள் உள்ளே போய்விடும். சிறுநீர் 50 அளவுக்கு நீர்த்து ஓடும். கெட்டியாக்கும் வசதியைச் செய்து தருவது வளைவு, அதைப் பயன்படுத்தலாமா என்று சொல்வது ஹார்மோன். மது குடித்தால் அடிக்கடி சிறுநீர் வருவது இந்த ஹார்மோனின் சுரப்பை மது அடக்குவதால்.

தண்ணியே குடிக்கலைன்னா சிறுநீர் நின்னுடுமா?

உடனே நிற்காது. சாதாரணமாக ஒரு நாளில் வெளியேற்ற வேண்டிய கரைபொருள் சுமார் 600 மில்லியாஸ்மோல். லிட்டருக்கு 1200தான் உச்சம் என்பதால் குறைந்தது அரை லிட்டர் நீர் செலவாகியே தீரும். கடல்நீர் குடித்தால் தாகம் கூடுவதும் இந்த உச்சத்தால்தான்: அதன் உப்பை வெளியேற்ற, குடித்ததைவிட அதிக நீர் தேவைப்படும். கங்காரு எலி போன்ற பாலைவனப் பிராணிகளுக்கு மெடுல்லா மிக நீளம். அவை மனிதரைவிடப் பல மடங்கு கெட்டியான சிறுநீரை உண்டாக்கும்.

நிறைய தண்ணி குடிச்சா கிட்னி நல்லா கழுவி விட்ட மாதிரி ஆகும்ல?

வடிகட்டல் வேகம் அதனால் கூடிவிடாது. குடித்த நீர் ஏடிஹெச்சைக் குறைக்கும். சேகரிப்பு நாளம் குறைவாக எடுக்கும். அதே கழிவு அதிக நீரில் கரைந்து போகும். கல் உருவாகும் தன்மை உள்ளவர்களுக்கு இந்த நீர்த்தல் உண்மையிலேயே உதவும். மற்றவர்களுக்குத் தாகம் போதுமான வழிகாட்டி. இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவை மீறக்கூடாது.

யூரியா கழிவுதானே? அதை ஏன் திரும்ப எடுக்குது?

வடிந்த யூரியாவில் பாதிதான் வெளியே போகிறது என்பது பலருக்கு அதிர்ச்சி. சேகரிப்பு நாளத்தின் கடைசிப் பகுதியிலிருந்து கசியும் யூரியா மெடுல்லாவில் தங்கி, மேலே சொன்ன அடர்த்திக்குத் தன் பங்கைத் தருகிறது. உப்பு மட்டும் இருந்தால் 1200ஐ எட்ட முடியாது. உடம்பில் நீர் குறைந்தால் யூரியா இன்னும் அதிகம் திரும்பும். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினினைவிட யூரியா விகிதம் மீறி ஏறியிருந்தால் மருத்துவர் முதலில் நீரிழப்பைச் சந்தேகிப்பது இதனால்தான்.

குழல் எடுக்க மட்டும்தான் செய்யுமா, எதையாவது உள்ளே போடவும் செய்யுமா?

போடும். வடிகட்டலில் தப்பி ரத்தத்திலேயே போன சிலவற்றைக் குழல் செல்கள் பிடித்து உள்ளே சுரக்கும். பென்சிலின் நல்ல உதாரணம். குழல் அதை அவ்வளவு வேகமாக வெளியேற்றியதால், 1941இல் ஆக்ஸ்ஃபோர்டில் மருந்து பற்றாக்குறையாக இருந்தபோது நோயாளியின் சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மறுபடி செலுத்தினார்கள். பிறகு இந்தச் சுரப்பைத் தடுக்க புரோபெனெசிட் என்னும் மருந்து வந்தது. கிரியேட்டினினும் கொஞ்சம் சுரக்கப்படுகிறது. அதனால் அதை வைத்துக் கணக்கிடும் வடிகட்டல் அளவு உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரியும்.

அமிலமும் இப்படித்தான் போகிறது. முதலில், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் வடிந்தது முழுவதையும் மீட்க வேண்டும். அதற்கு மேல் நாள்தோறும் உருவாகும் சுமார் 70 மில்லிமோல் அமிலத்தைக் குழல் வெளியே தள்ள வேண்டும். சிறுநீரின் பிஹெச் 4.5க்குக் கீழே போகாது. அந்த அளவில் தனி ஹைட்ரஜன் அயனிகள் கரையும் அளவு அற்பம். ஆகவே குழல் செல்கள் குளூட்டமினிலிருந்து அம்மோனியா தயாரித்து அமிலத்தை அதில் கட்டி அனுப்புகின்றன.

நீர் மாத்திரையில் ஒன்னுக்கு பொட்டாசியம் குறையுதாம், இன்னொன்னுக்கு ஏறுதாம். எல்லாம் ஒரே வேலைதானே?

அடைக்கும் இடம் வேறு. ஃப்யூரோசமைடு ஹென்லே வளைவின் ஏறும் கையில் உப்பு இறைப்பைத் தடுக்கிறது. வடிந்த சோடியத்தில் கால் பங்கு அங்கே எடுக்கப்படுவதால் விளைவு பலமானது. தயசைடு வகை சேய்மைச் சுருள் நுண்குழலில் வேலை செய்கிறது. அங்கே 5 சதவீதம்தான், ஆகவே மிதமானது. இரண்டுமே சேகரிப்பு நாளத்துக்கு அதிகச் சோடியத்தை அனுப்புகின்றன. அங்கே ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோனின் சொற்படி செல்கள் சோடியத்தை எடுத்து, பதிலுக்குப் பொட்டாசியத்தை விடுகின்றன. சோடியம் அதிகம் வந்தால் பொட்டாசியமும் அதிகம் போகும். ஸ்பைரனோலாக்டோன் ஆல்டோஸ்டீரோனையே தடுக்கிறது. அங்கே பொட்டாசியம் உடம்பில் தங்கிவிடும்.

கிரியேட்டினின் ஏறியிருக்குன்னு சொல்றாங்க. ஆனா சிறுநீர் நல்லாத்தானே போகுது?

180 லிட்டர் கணக்குக்குத் திரும்புங்கள். வடிகட்டல் நிமிடத்துக்கு 125லிருந்து 20க்கு விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நாளுக்கு 29 லிட்டர் வடிகிறது. அதில் 27ஐ எடுத்தாலே 2 லிட்டர் சிறுநீர் வந்துவிடும். ஆகவே அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது. மாறாக, தேய்ந்த சிறுநீரகம் மெடுல்லாவின் உப்படர்த்தியைத் தக்கவைக்க முடியாமல் கெட்டியாக்கும் திறனைச் சீக்கிரமே இழக்கிறது. இரவில் எழுந்து போவது கூடும். பலர் அதையே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஆகிய இரண்டு பரிசோதனைகளும்தான் உண்மையைச் சொல்லும்.

டயாலிசிஸ் பண்றவங்களுக்கு இந்தக் குழல் வேலையை யார் செய்றது?

எந்திரத்தில் குழல் கிடையாது, சவ்வு மட்டும்தான். திரும்ப எடுக்கும் வேலைக்குப் பதிலாக, போகக்கூடாதவை போகாதபடி முதலிலேயே ஏற்பாடு செய்கிறார்கள்: சவ்வின் மறுபக்கம் ஓடும் திரவத்தில் சோடியத்தை ரத்தத்துக்கு ஏறக்குறையச் சமமாக, பொட்டாசியத்தைக் குறைவாக, பைகார்பனேட்டை அதிகமாக வைக்கிறார்கள். யூரியாவும் மிகுதிப் பொட்டாசியமும் வெளியேறும், பைகார்பனேட் உள்ளே வரும். ஆனால் வழக்கமான முறையில் இது வாரத்துக்கு 3 தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம்தான். நடுவில் உள்ள நாட்களில் நீரையும் உப்பையும் பொட்டாசியத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் சரிசெய்ய ஆள் இல்லை. உணவிலும் குடிநீரிலும் அவ்வளவு கட்டுப்பாடு சொல்வது அதனால்தான்.